அட்லாண்டா யூதக் கோயில்ல வெடிச்ச குண்டு, அதுக்கு முன்னாடி 10 வருஷம் பேசின ரப்பி (யூத மதகுரு) – தைரியம் யாரோடது?

பீச்ட்ரீ ராசு:
வணக்கம் மக்களே. பதினோரு வருஷமா அட்லாண்டாவுல குப்பை கொட்டறேன். தினம் ஆபீஸ் போற வழியில பீச்ட்ரீ ரோட்டுல மேடான இடத்துல தூணும் குவிமாடமுமா ஒரு பழைய கட்டிடம் இருக்கும், ரொம்ப நாள் அத ஏதோ கோர்ட்டுன்னு தான் நெனச்சிட்டிருந்தேன். அது யூதக் கோயில். பேரே 'தி டெம்பிள்' தான், சபையோட முழுப் பேரு ஹீப்ரூ பெனவலன்ட் காங்கிரகேஷன், 1867ல ஆரம்பிச்சது. இப்ப இருக்கற கட்டிடம் 1931.

ஜனவரில மார்ட்டின் லூதர் கிங் வாரத்துல என் கூட வேலை செய்யற ஒருத்தர் 'வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாயேன், எபனேசர் சர்ச் பாட்டுக்குழு வருது'ன்னு கூப்பிட்டார். எபனேசர்னா கிங் பாதிரியாரா இருந்த அதே பாப்டிஸ்ட் சர்ச். போனேன். வாசல்ல போலீஸ் கார், பைய திறந்து பாத்தாங்க, உள்ள ஒரு கூடையில குல்லா வெச்சிருந்தாங்க, நான் ஒன்னு எடுத்து வெச்சேன், அது என் வழுக்கையில நிக்கவே இல்ல, மூணு தடவ கீழ விழுந்து பின் சீட்டுக்காரர் எடுத்துக் குடுத்தார். பாட்டு ஆரம்பிச்சதும் என் பக்கத்துல இருந்த பாட்டியம்மா எந்திரிச்சு கை தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. முடிஞ்சப்புறம் பேச்சு குடுத்தேன். '1958ல குண்டு வெச்சப்ப நான் இங்க சண்டே ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன்'னாங்க. எனக்கு ஒன்னும் புரியல, என்ன குண்டுன்னு கேட்டேன். அந்தம்மா என்னைய பாத்த பார்வை இருக்கே, நம்ம ஊர்ல வந்து ஒருத்தன் கீழ்வெண்மணின்னா என்னன்னு கேட்டா எப்படிப் பாப்போமோ அப்படி.

வீட்டுக்கு வந்து நாலு ராத்திரி தூங்காம படிச்சேன். அத பகிரத்தான் இந்த இழை. சுருக்கம் இது தான்: 1958 அக்டோபர் 12, ஞாயித்துக்கிழமை, விடிகாலை 3.37. கோயிலோட பக்கவாட்டு வாசல்கிட்ட வெச்ச டைனமைட் வெடிச்சு சுவரே பிளந்து போச்சு. அம்பது குச்சி இருக்கும்னாங்க. யாருக்கும் அடி இல்ல. ஆனா இன்னும் சில மணி நேரம் கழிச்சு வெடிச்சிருந்தா சண்டே ஸ்கூலுக்கு வர்ற நூத்துக்கணக்கான பிள்ளைங்க உள்ள இருந்திருக்கும். 'கூட்டமைப்பு தலைமறைவு இயக்கம்'னு (கூட்டமைப்புன்னா அடிமை முறைக்காக பிரிஞ்சு போன பழைய தெற்கு மாநிலங்க) சொல்லிட்டு ஒருத்தன் நியூஸ் ஏஜென்சிக்கு போன் போட்டு, அட்லாண்டாவுல நாங்க வெடிக்கற கடைசி காலிக் கட்டிடம் இது தான்னு மிரட்டினான்.

காரணம்? அங்க இருந்த ரப்பி ஜேக்கப் ரோத்சைல்ட், கறுப்பின மக்கள ஒதுக்கி வெக்கறது பாவம்னு பத்து வருஷமா பேசிட்டிருந்தார்.

சும்மா படிக்கிறவன்:
ரோத்சைல்டா? உலகத்துல இருக்கற பேங்க் எல்லாம் வெச்சிருக்கறவங்களா 😄

பீச்ட்ரீ ராசு:
வந்துட்டாருய்யா வாட்ஸ்அப் யூனிவர்சிட்டி. இல்ல பாஸ். பேரு மட்டும் தான் அது. இவரு 1911ல பிட்ஸ்பர்க்ல பொறந்தவர். ரெண்டாம் உலகப் போர்ல குவாடல்கனால் தீவுல ராணுவ மதகுருவா இருந்தவர். அங்க குண்டு மழைய பாத்துட்டு 1946ல அட்லாண்டாவுக்கு வந்தா, இங்க பஸ்ஸுல சீட்டு, குடிக்கற தண்ணிக் குழாய், எல்லாம் வெள்ளைக்கு ஒன்னு கறுப்புக்கு ஒன்னு. 1948 புனித நாள் பிரசங்கத்துலயே ஆரம்பிச்சிட்டார், அதாவது பள்ளிக்கூடத்துல நிறப் பிரிவினை கூடாதுங்கற அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு (1954) வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி.

மார்த்தாண்டம் எக்ஸ்பிரஸ்:
நல்ல இழை அண்ணே. நாங்க பைபிள்ல ஜெப ஆலயம்னு படிச்சே வளந்தோம், இப்பவும் ஒன்னு எப்படி இருக்கும்னு பாத்தது கிடையாது. ஒரு சந்தேகம், ஒரு சபைல பாஸ்டர் மாதிரி ஒருத்தர் மட்டும் புரட்சிகரமா பேசினா சபை மக்கள் சும்மா விட்டாங்களா? எங்க ஊர்ல பாஸ்டர் பிரசங்கத்துல ஜாதி பத்தி ஒரு வரி பேசுனதுக்கே கமிட்டில மூணு மணி நேரம் பஞ்சாயத்து.

பீச்ட்ரீ ராசு:
இதத்தான் எதிர்பாத்தேன். எனக்கும் இதுதான் மண்டைய குடைஞ்சுது.

அந்த சபை பயந்து போன சபை தம்பி. அதுக்கு காரணம் லியோ ஃப்ராங்க். அட்லாண்டாவுல பென்சில் கம்பெனி மேனேஜர், இதே கோயில் மெம்பர். 1913ல அந்த ஃபேக்டரில மேரி ஃபேகன்னு 13 வயசு தொழிலாளிப் பொண்ண யாரோ கொன்னுட்டாங்க, பழி இவர் மேல விழுந்து தூக்கு தண்டனை. கவர்னர் ஜான் ஸ்லேட்டன் ஆதாரத்த படிச்சுப் பாத்துட்டு 1915ல ஆயுள் தண்டனையா குறைச்சார். ரெண்டு மாசத்துல ஒரு கும்பல் ஜெயிலுக்குள்ள பூந்து ஃப்ராங்க தூக்கிட்டுப் போய் மாரியட்டாவுல ஒரு மரத்துல தொங்க விட்டாங்க. கும்பல்னா ரவுடிங்க இல்ல, ஊர்ப் பெரிய மனுஷங்க. பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சு அத போஸ்ட் கார்டா வித்திருக்காங்க.

அதுக்கப்புறம் அட்லாண்டா யூதர்கள் நாற்பது வருஷம் வாயத் திறக்கல. தலைய தூக்காத, தனியா தெரியாத, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் மாதிரியே இரு. ரோத்சைல்டுக்கு முன்னாடி அம்பது வருஷம் இருந்த ரப்பி டேவிட் மார்க்ஸ் வழியும் அது தான், தெற்குச் சமூகத்தோட ஒட்டி வாழணும்னு. அந்த சபைக்குப் போய் ஒருத்தர் 'நாம பேசாம இருக்கறதும் பாவம்'னு சொன்னா எப்படி இருக்கும் யோசிங்க. எத்தனையோ பேர் வந்து ரப்பி, நீங்க சொல்றது சரி, ஆனா கொஞ்சம் மெதுவான்னு கெஞ்சியிருக்காங்க.

கரிசல்காட்டான்:
ராசு அண்ணே, லியோ ஃப்ராங்க் கதைய பாதி மட்டும் சொல்றீங்க. ஃப்ராங்குக்கு எதிரா முக்கிய சாட்சி யாரு? ஜிம் கான்லி, அதே ஃபேக்டரில கூட்டிப் பெருக்கற கறுப்பினத் தொழிலாளி. கோர்ட்டுல ஃப்ராங்கோட வக்கீலுங்க வெச்ச வாதம் என்ன, ஒரு நீக்ரோ பேச்ச நம்பி வெள்ளைக்காரனுக்கு தூக்கான்னு, வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் போட்டுத் தான் வாதாடினாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஃப்ராங்க் நிரபராதின்னு தான் நானும் நம்பறேன், கான்லி தான் செஞ்சிருக்கணும்னு ஆராய்ச்சி பண்ணவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சொல்றாங்க. ஆனா ரெண்டு சமூகமும் அப்பவே கைகோத்து நின்ன மாதிரி பூசி மெழுகாதீங்க. அடிபட்டவன் இன்னொரு அடிபட்டவன் தோள்ல ஏறித் தான் தப்பிக்கப் பாத்தான்.

பீச்ட்ரீ ராசு:
ஒத்துக்கறேன் கரிசல். அத விட்டது என் தப்பு. 1986ல ஜார்ஜியா மாநிலம் ஃப்ராங்குக்கு மன்னிப்பு குடுத்துச்சு, அதுலயும் 'நிரபராதி'ன்னு வார்த்தை கிடையாது, அரசாங்கம் அவர காப்பாத்தத் தவறிடுச்சுன்னு மட்டும் தான்.

நியூஜெர்சி நாயகி:
குண்டு வெச்சவங்கள புடிச்சாங்களா?

பீச்ட்ரீ ராசு:
அஞ்சு பேர் மேல குற்றச்சாட்டு. யூத வெறுப்பும் நிறவெறியும் கலந்த கட்சி ஒன்னு இருந்துச்சு, அதோட தொடர்புள்ள ஆளுங்க. ஒருத்தன் மேல மட்டும் வழக்கு நடந்துச்சு. முதல் தடவ ஜூரிக்குள்ள ஒத்துப் போகல, ரெண்டாம் தடவ 1959 ஜனவரில விடுதலை. மத்தவனுங்களையும் விட்டுட்டாங்க. இன்னி வரைக்கும் ஒருத்தனுக்கும் தண்டனை இல்ல.

ஆனா ஊர் நடந்துக்கிட்ட விதம் வேற. மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்ட் அன்னிக்கே வந்து இடிபாட்டுல நின்னு, வெறியத் தூண்டி விட்டுப் பேசற ஒவ்வொரு அரசியல்வாதியும் இந்த டைனமைட்காரனுக்கு ஞானத்தகப்பன்னு நேராவே சொன்னார். 1915ல போஸ்ட் கார்டு வித்த அதே ஜார்ஜியா தான் இது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் எஃப்பிஐய அனுப்பினார். அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் பத்திரிகை ஆசிரியர் ரால்ஃப் மெகில் ஒரு தலையங்கம் எழுதினார், நீங்க விதைச்சது தான் இப்ப அறுவடைக்கு வந்திருக்குன்னு. அதுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் (பெரிய பத்திரிகைப் பரிசு) கிடைச்சுது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஆராதனைக்கு கோயில்ல நிக்க இடமில்ல. ரப்பி எடுத்த பிரசங்கத் தலைப்பு மீகா புத்தகத்துல இருந்து, 'அவர்களைப் பயப்படுத்துவார் இல்லை'.

மார்த்தாண்டம் எக்ஸ்பிரஸ்:
மீகா 4:4. அவனவன் தன் தன் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் உக்காருவான்னு வரும். சுவரு ஓட்டையா கெடக்கற இடத்துல அத வாசிச்சிருக்கார்னா, அப்பா.

கரிசல்காட்டான்:
நான் கொஞ்சம் கசப்பா பேசறேன், மன்னிச்சுக்கோங்க. அலபாமா மாநிலம் பர்மிங்காம்ல கறுப்பின பாஸ்டர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த்தோட பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச். 1956 கிறிஸ்மஸ் ராத்திரி அவர் படுத்திருந்த வீட்டுலயே குண்டு. 1958 ஜூன்ல சர்ச்சுக்கு மறுபடி, அட்லாண்டாவுக்கு நாலே மாசம் முன்னாடி. அந்த ஊர்ல கறுப்பினக் குடும்பங்க குடியேறின ஏரியாவுக்கு டைனமைட் ஹில்னே பேரு, ஊருக்கே பாமிங்காம்னு பட்டப்பேரு. அதுக்கெல்லாம் எத்தன ஜனாதிபதி கண்டனம் தெரிவிச்சாங்க? எத்தன புலிட்சர்? பீச்ட்ரீ ரோட்டுல வெடிச்சா நாட்டுக்கே அதிர்ச்சி, சேரில வெடிச்சா உள்ளூர் செய்தி. குண்டு வெச்சவன் கணக்குல யூதன் வெள்ளை இல்ல, ஆனா கண்ணீர் விட்டவன் கணக்குல யூதன் வெள்ளை. என் பிரச்சனை இது தான்.

பீச்ட்ரீ ராசு:
நூத்துக்கு நூறு சரி. ஆனா இதையும் சேத்துக்கோங்க, அட்லாண்டாவுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள ஷார்லட், கேஸ்டோனியா, மயாமி, நாஷ்வில், ஜாக்சன்வில்னு வரிசையா யூதக் கோயில்லயும் சமூகக்கூடத்துலயும் டைனமைட் வெச்சாங்க. பர்மிங்காம் பெத்-எல் கோயில்ல 54 குச்சி, திரி பாதியிலேயே அணைஞ்சதால தப்பிச்சுது. அதுக்கெல்லாம் கூட இவ்வளவு சத்தம் கிடையாது. அட்லாண்டாவுல சத்தம் வந்ததுக்கு காரணம் பிசினஸ். 'வெறுக்க நேரமில்லாத பிஸியான ஊரு'ன்னு மேயர் விளம்பரம் பண்ணிட்டிருந்த காலம், குண்டு வெடிச்சா முதலீடு ஓடிடும்.

நியூஜெர்சி நாயகி:
இப்ப பர்மிங்காம் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். கிங் பர்மிங்காம் சிறையில இருந்து எழுதின கடிதம் எல்லாருக்கும் தெரியும். அது யாருக்கு எழுதினதுன்னு நிறைய பேருக்கு தெரியாது. 1963 ஏப்ரல்ல எட்டு வெள்ளை மதகுருமாருங்க சேந்து பேப்பர்ல அறிக்கை விட்டாங்க, போராட்டம் இப்ப வேணாம், பொறுமையா கோர்ட்டு மூலமா பாத்துக்கலாம்னு. அதுல ஏழு பேர் கிறிஸ்தவங்க, ஒருத்தர் ரப்பி, மில்டன் கிராஃப்மன். கிங் அந்த நியூஸ்பேப்பர் ஓரத்துலயே பதில எழுத ஆரம்பிச்சார். கிராஃப்மன் கெட்டவர் இல்ல, அந்த ஊர்ல நிறப் பிரிவினைக்கு எதிரா முன்னாடியே பேசினவர் தான், கடைசி வரைக்கும் அந்தக் கடிதம் தன்ன அநியாயமா காட்டிடுச்சுன்னு வருத்தப்பட்டார். ஆனா வரலாறு யார எங்க நிறுத்தி வெக்குது பாருங்க, அவர் ஒரு கையெழுத்துல மாட்டிக்கிட்டார்.

பீச்ட்ரீ ராசு:
அக்கா சூப்பர் பாயிண்ட். கையெழுத்துன்னதும் இன்னொன்னு. 1957 நவம்பர்ல அட்லாண்டாவுல 80 பாதிரியாருங்க சேந்து பள்ளிக்கூடங்கள மூடக்கூடாது, சட்டத்த மதிக்கணும்னு ஒரு அறிக்கை விட்டாங்க. அத தயாரிக்க ரோத்சைல்டும் உதவினார். ஆனா அறிக்கை முழுக்க கிறிஸ்தவ வார்த்தைகள்ல இருந்ததால அவரால கையெழுத்துப் போட முடியல. கோவிச்சுக்கிட்டு போகல மனுஷன், பேப்பர்ல தனியா ஒரு கட்டுரை எழுதி ஆதரவு சொன்னார்.

பட்டுக்கோட்டை பிரபு77:
இவ்ளோ நியாயம் பேசறவங்க காசா பத்தி என்ன சொல்றாங்களாம்? அத கேளுங்க மொதல்ல

மட்டுறுத்துநர்:
அதுக்கு தனி இழை ஓடுது, 140 பக்கம் போயிடுச்சு, அங்க போய் பேசுங்க. இங்க அட்லாண்டா மட்டும். இதுக்குப் பதிலா எழுதின நாலு பதிவ நீக்கிட்டேன்.

ஃபோர்ட்கொச்சி தமிழச்சி:
நான் தலைப்புக்குள்ள தான் இருக்கேனான்னு தெரியல, மட்டுறுத்துநர் அய்யா பொறுத்துக்கணும். ஒரு யூத சபைக்குள்ளயே நிறப் பிரச்சனை, அதுக்கு சபைக்குள்ளயே போராட்டம், இது என் வீட்டுல இருந்து பத்து நிமிஷ ஆட்டோ தூரத்துல நடந்த கதை.

கொச்சி மட்டாஞ்சேரி பரதேசி சினகாக் (வெளிநாட்டுல இருந்து வந்த யூதங்களோட கோயில்), 1568ல கட்டினது, டூரிஸ்டா நிறைய பேர் பாத்திருப்பீங்க, நீல ஓடு பதிச்ச தரை. அந்த சபையில தங்கள 'வெள்ளை யூதர்'னு சொல்லிக்கிட்டவங்க தான் முழு மெம்பர். அடிமையா இருந்து விடுவிக்கப்பட்டவங்க வம்சம்னு ஒரு பிரிவுக்கு முத்திரை குத்தி மெஷுஹ்ராரிம்னு பேரு. அதே சபை, அதே தோரா (யூத வேதம்), ஆனா இவங்க உள்ள பெஞ்சுல உக்கார முடியாது, முன் அறையில தரையில தான். கல்யாண உறவு கிடையாது. சுடுகாட்டுல கூட இடம் தனி. (நமக்கு எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?) அதுல பொறந்தவர் ஏ.பி. சேலம், 1882ல. மெட்ராஸ்ல சட்டம் படிச்ச வக்கீல், காங்கிரஸ்காரர், 1929 லாகூர் மாநாட்டுக்குப் போய் வந்தவர். காந்தி ஊருக்கு சொன்ன சத்தியாகிரகத்த இவர் சொந்தக் கோயிலுக்குள்ள செஞ்சார். வருஷக்கணக்கா இழுத்துச்சு, ஒவ்வொரு தடையா தளர்ந்துச்சு. 1950ல அவர் மகன் ஒரு 'வெள்ளை' யூதப் பொண்ண கட்டினப்ப கூட கல்யாணத்த பாம்பேல போய் தான் நடத்த வேண்டியிருந்துச்சு. யூத காந்தின்னு தான் அவர சொல்வாங்க, இப்ப அந்த ரோட்டுக்கே அவர் பேரு. ஆனா பாருங்க, சண்டை ஜெயிச்ச கொஞ்ச வருஷத்துலயே பெரும்பாலானவங்க இஸ்ரேலுக்கு கப்பலேறிட்டாங்க. சமமா உக்கார இடம் கிடைச்சப்ப உக்கார ஆள் இல்ல.

கரிசல்காட்டான்:
அக்கா இது எனக்கு தெரியவே தெரியாது. இதுக்கு தனி இழை போடுங்க ப்ளீஸ். கிங் 1959ல கேரளா வந்தப்ப திருவனந்தபுரத்துல ஒரு ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் அவர 'அமெரிக்காவுல இருந்து வந்திருக்கற இன்னொரு தீண்டத்தகாதவர்'னு அறிமுகம் பண்ணாராம், முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் யோசிச்சா ஆமா நான் அது தானேன்னு தோணுச்சுன்னு 1965ல எபனேசர் சர்ச் பிரசங்கத்துல அவரே சொல்லியிருக்கார். ராசு அண்ணன் சொல்ற அதே சர்ச்.

சும்மா படிக்கிறவன்:
சாரி ராசு அண்ணே, முதல் கமெண்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன். கிங்குக்கும் அந்த ரப்பிக்கும் பழக்கம் இருந்துச்சா?

பீச்ட்ரீ ராசு:
குடும்ப நண்பர்கள் தம்பி. கிங் 1960ல அட்லாண்டாவுக்கு குடி வந்தப்புறம் ரெண்டு குடும்பமும் ஒன்னா சாப்பிடும், வெள்ளைக்காரன் வீட்டு சாப்பாட்டு மேசையில கறுப்பின விருந்தாளி உக்காருறது அப்ப அட்லாண்டாவுல நடக்காத காரியம். முதல் தடவ ரோத்சைல்ட் வீட்டுக்கு வந்தப்ப கிங் தம்பதிக்கு வீட்டு நம்பர் இருட்டுல தெரியல, பக்கத்து வீட்டுல விசாரிச்சிருக்காங்க. லேட்டா வந்ததுக்கு மன்னிப்பு கேட்டுட்டு கிங் சொன்னாராம், கவலைப்படாதீங்க, உங்களுக்கு சங்கடம் வரக்கூடாதுன்னு கதவ தட்ட கொரெட்டாவத் தான் அனுப்பினேன், பார்ட்டிக்கு பரிமாற வந்த வேலைக்காரங்கன்னு நெனச்சுக்குவாங்கன்னு. ரோத்சைல்ட் மனைவி ஜானிஸ் சொன்னது இது. இத படிச்சிட்டு லேப்டாப்ப மூடி வெச்சிட்டேன். ஜோக்கா சொல்லியிருக்கார் மனுஷன்.

அப்புறம் 1964ல கிங்குக்கு நோபல். ஊர்க்காரனுக்கு உலகப் பரிசு கிடைச்சிருக்கு, அட்லாண்டா பெரிய தலைங்க எல்லாம் கமுக்கமா இருந்தாங்க. ரோத்சைல்ட், கத்தோலிக்க ஆர்ச்பிஷப் ஹாலினன், மோர்ஹவுஸ் காலேஜ் தலைவர் பெஞ்சமின் மேஸ், பத்திரிகைக்கார மெகில் நாலு பேரும் சேந்து பாராட்டு விருந்து ஏற்பாடு பண்ணாங்க. டிக்கெட் போகல. கடைசில கோகோ கோலா மேலிடத்துல இருந்து, நோபல் வாங்கினவர மதிக்காத ஊர்ல நாங்க எப்படி கம்பெனி நடத்தறதுங்கற மாதிரி சேதி போச்சு, அப்புறம் பாத்தா எல்லா டிக்கெட்டும் காலி. 1965 ஜனவரி 27, டிங்க்ளர் பிளாசா ஹோட்டல், கறுப்பும் வெள்ளையுமா ஆயிரத்து ஐநூறு பேர் ஒன்னா உக்காந்து சாப்பிட்டாங்க. மேடைய நடத்துனது நம்ம ரப்பி.

கரிசல்காட்டான்:
அதாவது மனசாட்சி செய்யாதத கோலா கம்பெனி செஞ்சுது 😀

நியூஜெர்சி நாயகி:
வெளியூர்ல இருந்து வந்த ரப்பிங்களையும் சொல்லணும். 1964 ஜூன்ல ஃப்ளோரிடா செயின்ட் அகஸ்டின்ல 16 ரப்பிங்க கைதானாங்க, கிங் கூப்பிட்டார்னு மாநாட்டுல இருந்து நேரா போனவங்க. அமெரிக்காவுல அது வரைக்கும் ஒரே நேரத்துல இத்தன ரப்பிங்க கைதானது இல்ல. அன்னிக்குத் தான் அங்க ஒரு மோட்டல் ஓனர் நீச்சல் குளத்துல கறுப்பின, வெள்ளை ஆளுங்க ஒன்னா குதிச்சாங்கன்னு ஆசிட்ட ஊத்தினான். ராத்திரி லாக்கப்புல உக்காந்து நாங்க ஏன் போனோம்னு கூட்டா ஒரு கடிதம் எழுதினாங்க.

பீச்ட்ரீ ராசு:
அவங்க மேல மரியாதை உண்டு. ஆனா அக்கா, அவங்க அடுத்த நாள் பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டாங்க. ரோத்சைல்ட் திங்கக்கிழமை அதே தெருவுல போகணும், அவர் சபைக்காரன் அதே வெள்ளைக்காரனுக்கு துணி விக்கணும். அதனால தான் எனக்கு ரப்பிய விட சபை மேல ஆச்சரியம். அவங்க யாரும் வீரர்கள் இல்ல, பாதிப் பேர் 'இந்தாள் வாய மூடினா போதும்'னு நெனச்சவங்க. ஆனா வேலைய விட்டுத் தூக்கல. குண்டு வெடிச்சப்புறமும் தூக்கல. 1973 டிசம்பர் 31, அவர் சாகற வரைக்கும் அவர் தான் ரப்பி. அந்த பாட்டியம்மாகிட்ட கேட்டேன், குண்டு வெடிச்சப்புறம் உங்க வீட்டுல என்ன பண்ணாங்கன்னு. 'எங்கம்மா ரெண்டு நாள் அழுதா. அப்புறம் ஷூவுக்கு பாலிஷ் போட்டு என்னைய திரும்ப சண்டே ஸ்கூலுக்கு அனுப்பிட்டா'ன்னாங்க.

கரிசல்காட்டான்:
ம்ம். இது எனக்கு புரியுது. ஆனா தூக்கலங்கறதயே சாதனையா சொல்ற நிலைமைல வெச்சிருக்கோம் பாத்தீங்களா. சரி, இப்ப என்ன பண்றாங்க? வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு மட்டும் தானா?

பீச்ட்ரீ ராசு:
பாட்டு மட்டும் இல்ல. 2019ல எபனேசர் சர்ச்சும் இந்த சபையும் நியூயார்க் ஆபர்ன் இறையியல் பள்ளியும் சேந்து, கூட்டங்கூட்டமா ஆளுங்கள ஜெயில்ல போடறதுக்கு எதிரா பலமத முயற்சி ஒன்னு ஆரம்பிச்சாங்க. ஜார்ஜியா கதை தெரிஞ்சவனுக்கு தான் இதோட வெயிட் தெரியும், சின்ன கேஸ்ல மாட்டி விடுதலை ஆனவனுக்கு கூட பழைய ரெக்கார்டு போகாது, வீடு வாடகைக்கு கிடைக்காது, வேலை கிடைக்காது, அந்த ரெக்கார்ட அழிக்கறது ஒரு பெரிய வேலை.

இன்னொரு வேடிக்கை. 2021 ஜனவரி 5 தேர்தல்ல ஜார்ஜியாவுல ரெண்டு செனட்டரும் ஒரே நாள்ல ஜெயிச்சாங்க. ஒருத்தர் எபனேசர் சர்ச் பாஸ்டர் ரஃபேல் வார்னாக். இன்னொருத்தர் ஜான் ஆசஃப், இதே டெம்பிள்ல பார் மிட்ஸ்வா (யூதப் பசங்க 13 வயசுல பெரியவனாகற சடங்கு) ஆன பையன்.

நியூஜெர்சி நாயகி:
எனக்கு ஒரு குறை உண்டு. என் கூட வேலை பாக்கற பொண்ணு கறுப்பின யூதர், பொறப்புல இருந்தே. இங்க ஒரு சினகாக்குக்கு (பேர் வேணாம்) போறப்பல்லாம் வாசல்ல நிக்கறவங்க 'முதல் தடவையா வர்றீங்களா'ன்னு கேப்பாங்களாம். எட்டு வருஷமா மெம்பர் அவ. அலிசா ஸ்டான்டன்னு கறுப்பினப் பெண் ஒருத்தர் 2009ல ரப்பி ஆனாங்க, அதுவே முதல் தடவ. அதனால மத்தவனோட நியாயத்துக்கு ஊர்வலம் போறதோட சேத்து, உள்ள வர்றவங்கள எப்படிப் பாக்கறாங்கன்னும் கேக்கணும். கொச்சி அக்கா சொன்ன பெஞ்சு கதை தான் இதுவும்.

ஃபோர்ட்கொச்சி தமிழச்சி:
❤️ அதே தான். பெஞ்சு வேற, பார்வை வேற, அவ்வளவு தான் வித்தியாசம். சேலம் பத்தி தனி இழை ஞாயித்துக்கிழமை போடறேன் கரிசல் தம்பி, போட்டோவோட.

மார்த்தாண்டம் எக்ஸ்பிரஸ்:
ராசு அண்ணே, மார்ச்ல நான் அட்லாண்டாவுக்கு ஆன்சைட் வர்றேன், அடுத்த ஜனவரி வரைக்கும் இருப்பேன். யூதர் இல்லாதவங்க உள்ள போகலாமா? என்ன போட்டுட்டு போகணும்?

பீச்ட்ரீ ராசு:
தாராளமா வா தம்பி. ஐடி கார்டு எடுத்துக்கோ, பெரிய பை வேணாம். சட்டை பேன்ட் போதும். ஜனவரி வெள்ளிக்கிழமைன்னா முன்கூட்டியே வந்துடு, இந்த தடவ எனக்கே பின் வரிசையில ஓரத்துல தான் இடம் கெடச்சுது. குல்லாவுக்கு ஒரு ஹேர்பின்னும் எடுத்துட்டு வா. உனக்கு முடி இருக்குல்ல?